தரையின் குளிரும் மாடியின் ஓசையும்

கரையாம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த பாகூர்க் கொம்யூன் கிராமங்களிலும் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் வீடுகளின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. கூரை வீடுகள் பல மெத்தை வீடுகளாயின. மெத்தை வீடுகளில் பல இன்று மாடி வீடுகளாகி வருகின்றன. சாணமிட்டு மெழுகிய மண் தரை போய்ச் சிமென்டுத் தரை வந்தது. சிமென்டுத் தரையின் மேல் பளபளக்கும் ஓடு வந்தது. மகன் திருமணத்திற்கென்றும், அரசாங்க உதவித் தொகை கிடைத்ததென்றும், புயலில் பழுதுபட்டதென்றும் ஏதேனும் ஒரு காரணத்தால் ஆண்டுதோறும் நமது அங்கத்தினர்களுள் பலர் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். அவ்விதம் புதுப்பிக்கும்போது கூரையைப் பற்றி யோசிக்கிறார்கள். சுவரின் வர்ணத்தைப் பற்றி வீடே கூடி விவாதிக்கிறது. தரையைப் பற்றி மட்டும் கடையில் கண்ட பளபளப்பே முடிவு செய்துவிடுகிறது.

இதன் பலன் அடுத்த மார்கழியில் தெரிகிறது. அறுபது ஆண்டுகள் பாய் விரித்துத் தரையிலேயே படுத்து எழுந்த மூதாட்டி, புதிய ஓட்டின்மேல் படுத்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று கட்டில் கேட்கிறார். தவழும் குழந்தையைக் கீழே விடத் தாய்க்கு மனம் வருவதில்லை. மாடியில் பேரப்பிள்ளைகள் ஓடினால் கீழே உறங்குபவர் தலைமேல் உலக்கை விழுவதுபோல் இருக்கிறது. தறி வைத்திருக்கும் வீட்டில் தறியின் ஓசை முன்பு இருந்ததைவிட இருமடங்கு கேட்கிறது என்று அக்கம்பக்கத்தார் குறை கூறுகிறார்கள். குறை கூறுபவரும் பொய் சொல்லவில்லை. தறிக்காரரும் முன்போலத்தான் நெய்கிறார். மாறியது தரையே.

இவற்றிற்கெல்லாம் பரிகாரம் உண்டு. அவற்றுட் பல நமது உழவரின் தோப்பிலும் நமது நெசவாளரின் தறியிலும் இருக்கின்றன என்பது இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. ஆயினும் விரிப்பை வாங்கிப் போட்டால் போதும் என்று முதலிலேயே கூறிவிட மாட்டோம். விரிப்புக்கு முன்னால் பார்க்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

ஈரமே முதற் பகை

குளிர் நாடுகளில் தரையின் குளிர்ச்சி என்பது பனியின் குளிர்ச்சி. நமது நாட்டில் அது பெரும்பாலும் ஈரத்தின் குளிர்ச்சி. மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரிப் பகுதியில் இரவு வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கே இறங்குகிறது. அது உறைய வைக்கும் குளிரன்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் ஊறிப்போய், ஊறிய நிலத்தின் ஈரம் தளத்தின் வழியே மெல்ல மேலேறி வருகிறது. கைவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்விதமோ அவ்விதமே மண்ணின் நுண்ணிய துளைகளிலும் செங்கல்லிலும் சிமென்டிலும் நீர் ஏறுகிறது. ஏறிய நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது தரையின் வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. நிலத்தடி நீரில் உப்பு மிகுந்த இடங்களில் சுவரின் அடியில் வெள்ளை பூத்துப் பூச்சு உதிர்வதற்கும் இதுவே காரணம்.

நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் தேங்குகிற பூமி பாகூர்ப் பூமி. தென்பெண்ணையும் பாகூர் ஏரியும் அளித்த வளம் அது. அதே நீர் வீட்டுக்குள் வரும்போது என்ன செய்யும் என்பதை 2024-ஆம் ஆண்டு கண்டோம். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை புதுச்சேரியில் பெய்தது. அடுத்த இரண்டொரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர் வட்டாரத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. இவ்வாறு நீர் புகுந்த வீட்டில் வெள்ளம் வடிந்த பின்னும் தரைக்கடியில் உள்ள மணல் நெடுநாள் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தின்மேல் அவசரமாக ஓடு பதித்தால் பதித்தவர் பணம் அடியோடு நனையும்.

ஆகவே, தரையைத் தொடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். செலவு இல்லாத சோதனை அது. சுமார் ஒன்றரை அடிச் சதுரமுள்ள தெளிவான பாலித்தீன் தாள் ஒன்றைத் தரைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். தாளின் மேற்பக்கத்தில் மட்டும் நனைந்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையைத் தொட்டு நீராகிறது. தை, மாசியில் கடற்காற்று வீசும் காலை வேளைகளில் ஓட்டுத் தரை 'வியர்ப்பது' இந்த இரண்டாம் வகை. முதல் வகைக்குத் தரையை அகழ்ந்து பரிகாரம் தேட வேண்டும். இரண்டாம் வகைக்குக் காற்றோட்டமும் விரிப்பும் போதும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் செலவு வீண் செலவு.

தரையை அகழ்வது என்று முடிவானால் அடுக்குகளின் வரிசையைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நன்கு கெட்டித்த மண்ணின்மேல் அரை அடி கனத்துக்குப் பெரிய ஜல்லியைப் பரப்ப வேண்டும். ஜல்லிகளுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாகையால் ஈரம் அதன் வழியே திரிபோல் ஏற முடிவதில்லை. வெறும் மணலைப் பரப்பினால் இந்தப் பலன் முழுதும் கிட்டாது. அதன்மேல் சிறிது மணல் தூவிச் சமன் செய்து, 1000 கேஜ் கனமுள்ள பாலித்தீன் தாளை விரிக்க வேண்டும். இரண்டு தாள் சேருமிடத்தில் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். சுவரோரத்தில் தாளை மேலே மடித்துவிட வேண்டும். அதற்குமேல் கான்கிரீட்டும் ஓடும் வரலாம். சித்தாள்கள் கம்பியையும் மண்வெட்டியையும் போட்டுத் தாளைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. தாள் கிழிந்த இடத்தில் ஈரம் ஏறும். ஏறிய பின் அதனைக் கண்டுபிடிப்பது இயலாது.

குழித்தறி வைத்திருப்பவர் கவனிக்க

இனி, தறி உள்ள வீடுகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். நெசவாளர் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதித்து நெய்யும் குழித்தறி, மண் தரைக்கென்றே பிறந்த தறி. தறியின் அதிர்ச்சியை மண் வாங்கிக்கொள்கிறது. குழியிலிருந்து எழும் ஈரம் பாவு நூலுக்கு இதமளித்து நூல் அறாமல் காக்கிறது. பருத்தி நூல் காய்ந்தால் பலம் குன்றும், ஈரம் பட்டால் பலம் கூடும் என்பதை நெசவாளர் எவருக்கும் நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நூலுக்கு எது இதமோ அது நெய்பவரின் காலுக்கு இதமன்று. மழைக்காலம் முழுவதும் ஈரக் குழியில் கால் வைத்திருப்பவருக்கு முழங்கால் வலியும் பாத நோயும் வருகின்றன. பெருமழையில் குழிக்குள் நீர் ஊறித் தறி நின்றுபோவதும் உண்டு. தறி நின்றால் கூலியும் நின்றது.

வீட்டைப் புதுப்பிக்கும்போது சிலர் குழியைத் தூர்த்துவிட்டுச் சட்டத் தறியை வாங்கி ஓட்டுத் தரைமேல் நிறுத்துகிறார்கள். ஓசை மிகுவதற்கு இங்கே இரண்டு காரணங்கள் சேர்கின்றன. பலகை அடிக்கும் அதிர்ச்சி தறியின் கால்கள் வழியே நேரே கான்கிரீட்டுக்குள் இறங்கி, வீடு முழுவதும் பரவுகிறது. அத்துடன் கடினமான ஓடும் பூசிய சுவரும் ஓசையை உள்ளிழுக்காமல் திருப்பித் திருப்பி எறிகின்றன. மண் தரையும் கீற்றுக் கூரையும் ஓசையை விழுங்கிக்கொண்டிருந்தன. அவை போன பின்னரே அவற்றின் அருமை தெரிகிறது.

குழித்தறியை விட மனமில்லாதவர் அதனை விட வேண்டியதில்லை. குழியின் நான்கு பக்கமும் அடியும் செங்கல் கட்டி, நீர் புகாத சிமென்டுப் பூச்சுப் பூசி, குழியைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு வரப்புப்போல் விளிம்பு எழுப்பினால் மழை நீர் எளிதில் உள்ளே இறங்காது. நாம் மேலே கூறிய பாலித்தீன் தாளைக் குழியின் அடியிலும் இடையறாது கொண்டுசெல்ல வேண்டும். குழி வந்ததும் தாளை நறுக்கி நிறுத்திவிடுவது கொத்தனார்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கால் படும் இடத்தில் தென்னை நார் விரிப்பு ஒன்றை இட்டு, வாரம் ஒருமுறை வெயிலில் போட்டெடுக்கலாம். நூலுக்கு வேண்டிய ஈரத்தைப் பாவின் அடியில் அகன்ற மண் தட்டில் நீர் வைத்தோ, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோ கொடுக்கலாம். இதனால் நூல் கேட்கும் ஈரம் நூலுக்குக் கிடைக்கும், காலும் உலர்ந்திருக்கும்.

சட்டத் தறி வைத்திருப்பவர் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு மரப்பலகையும் அதன்கீழ் தடித்த ரப்பர்ப் பட்டையும் வைத்தால் தரைக்குள் இறங்கும் அதிர்ச்சி பெரிதும் குறையும். ரப்பர் நசுங்கித் தட்டையாகிவிட்டால் பயனில்லை. ஆண்டுக்கொருமுறை பார்த்து மாற்ற வேண்டும். தறியின் கால்கள் நான்கும் சமமாக அமர்ந்திருக்கின்றனவா என்று நூல்மட்டம் பார்ப்பதும் அவசியம்; சாய்ந்த தறி நெசவையும் கெடுக்கும்.

கல் ஏன் குளிர்கிறது, பாய் ஏன் குளிர்வதில்லை

ஓர் அறையில் கருங்கல் தரையும் அதன்மேல் கோரைப் பாயும் இரவு முழுவதும் இருந்தால் இரண்டின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் கல்லை மிதித்தால் சில்லென்கிறது. பாயை மிதித்தால் அப்படி இல்லை. காலின் வெப்பத்தைக் கல் விரைவாக உறிஞ்சிக்கொள்வதே இதன் காரணம். பாயிலும் நார் விரிப்பிலும் நூல் விரிப்பிலும் இழைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஒரே தடிப்பில் ஒப்பிட்டால், கருங்கல்லின் வழியே கடக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 50-இல் ஒரு பங்கே தென்னை நார் விரிப்பின் வழியே கடக்கும். ஆகையால்தான் அரை அங்குல விரிப்பு, ஓர் அடிக் கல்லால் ஆகாத காரியத்தைச் செய்கிறது. நனைந்த விரிப்பில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் இந்தக் குணம் போய்விடும். ஈரத்தை முதலில் தீர்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தியது இதற்காகவே.

அயல் நாட்டார் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்பது சுவையான விஷயம். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கற்களின் கீழாகச் செலுத்தித் தரையையே சூடாக்கும் முறை பன்னெடுங்காலமாக இருந்தது. நமக்கு அது வேண்டாதது. ஜப்பானியரின் முறை நமக்கு நெருங்கியது. அவர்களும் நம்மைப்போல் நெல் விளைப்பவர்கள். தரையில் அமர்ந்து உண்டு உறங்கிய மக்கள். வைக்கோலை இறுக அழுத்தி இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிப்புள்ள மெத்தைப் பலகையாக்கி, அதன்மேல் கோரையை ஒத்த ஒருவகைப் புல்லால் நெய்த பாயைப் பொருத்தி, அறை முழுவதும் பரப்பினார்கள். வெதுவெதுப்பும் அமைதியும் ஒருங்கே கிடைத்தன. வைக்கோலுக்கு நம் பக்கத்திலும் குறைவில்லை என்று எவரேனும் உடனே செய்து பார்க்க முற்படலாம். நமது நாட்டில் அதற்குக் கரையான் என்று ஒரு தடை இருக்கிறது. நமது ஊரின் பெயரைச் சொல்லும்போதே அந்தப் பூச்சியின் நினைவு வருகிறது. பெயரின் காரணம் எதுவாயினும், வைக்கோலையும் பலகையையும் நிலத்தோடு ஒட்டிப் போட்டு நிம்மதியாக உறங்க முடியாது. மரத் தரையோ வைக்கோல் தளமோ விரும்புகிறவர்கள் கரையான் தடுப்பு மருந்தைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு சுவரடியில் செலுத்திய பின்னரே அதைப் பற்றி எண்ண வேண்டும்.

கடைகளில் இப்போது மரம்போன்ற தோற்றமுள்ள ஒட்டுப் பலகைகளும் பிளாஸ்டிக் சுருள்களும் விற்பனையாகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நீரில் ஊறினால் உப்பிவிடும். பின் பழைய நிலைக்கு வராது. வெள்ளம் வரக்கூடிய வீட்டின் கீழ்த்தளத்துக்கு அது உகந்ததன்று. பிளாஸ்டிக் சுருளைத் தரை முழுவதும் ஒட்டினால் கீழிருந்து வரும் ஈரம் அதனடியில் சிக்கிப் பூஞ்சை பிடித்து நாறும். மாடியில் இவற்றைப் போடுவதை நாம் குறைகூறவில்லை.

மற்றொரு விஷயமும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுப்பதைப்போன்ற சுகம் வேறில்லை. மார்கழியின் நான்கு வார அசௌகரியத்துக்காகக் கோடையின் மூன்று மாதக் குளுமையை நிரந்தரமாக மூடிவிடுவது நமது சீதோஷ்ணத்துக்குப் பொருந்தாத வேலை. குளிர் நாட்டு மாளிகையைப் பார்த்துச் சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டிய கம்பளம் போடுவதை ஆகவே நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டி மூலையில் சாத்தக்கூடியதே நமது வீட்டுக்கு ஏற்றது. நம் முன்னோர் பாயைச் சுருட்டி வைத்தது இடச் சிக்கனத்துக்காக மட்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

எதை விரிப்பது

கோரைப் பாயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் பட்டுப்போல் மென்மையான பாய் நெய்கிறார்கள். காவிரிக் கரையில் முசிறி, கரூர்ப் பக்கங்களில் அன்றாட உபயோகத்துக்கான பாய்கள் நெய்யப்படுகின்றன. குளிரைத் தடுக்கக் கோரை நல்லது. ஓசையைத் தடுக்க அது போதாது. மெல்லியதாயும் சற்று விறைப்பாயும் இருப்பதே காரணம்.

தென்னை நார் விரிப்பு இவ்விரண்டு காரியங்களுக்கும் உதவும். நார் சுருண்டு வில்போல் இயங்குவதால் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. மற்ற நார்களைக் காட்டிலும் ஈரத்தைத் தாங்கி நிற்பதும் அதற்குரிய குணம். 1953-ஆம் ஆண்டின் கயிற்றுத் தொழிற் சட்டப்படி அமைந்த கயிறு வாரியம் இத்தொழிலுக்கென்றே இருக்கிறது. ரப்பர்ப் பால் தெளித்து அழுத்திய நார்த் தகடுகளும் கிடைக்கின்றன. மெத்தைகளில் வைப்பவை அவையே. நாரின் முரட்டுத்தனம் வெறுங்காலுக்கு உறுத்தும். அதனால் நாரை அடியிலும் நூல் விரிப்பை மேலும் இடுவதே சரியான முறை.

மேல்விரிப்புக்கு ஜமக்காளம் இருக்கிறது. பவானி ஜமக்காளத்தின் பெருமை எல்லோரும் அறிந்ததே. முரட்டு நூலைக் கொண்டு பட்டை பட்டையாக நிறம் கொடுத்துக் கைத்தறியில் நெய்யப்படுவது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 இனங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. குறைத்த பின்னும் ஜமக்காளம் அப்பட்டியலில் இருக்கிறது. அதாவது விசைத்தறியில் ஜமக்காளம் நெய்வது சட்ட விரோதம். ஆயினும் கைத்தறி என்ற பெயரில் வேறு சரக்கு சந்தைக்கு வருவதை நாம் அறிவோம். வாங்குகிற அங்கத்தினர் கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குவது தமது சக நெசவாளருக்குச் செய்யும் நேரான உதவி.

இதனினும் எளியது ஒன்றுண்டு. தறியில் மிஞ்சும் நூல் துணுக்குகளையும் பழைய சேலை, வேட்டிகளைக் கிழித்த நாடாக்களையும் ஊடையாகக் கொண்டு, உறுதியான பாவில் நெய்யும் கந்தல் விரிப்பு. தடிப்பு மிகுதியாகையால் ஜமக்காளத்தை விட ஓசையை நன்றாக அடக்கும். கழிவு நூல் ஏராளமாக விழும் நெசவாளர் வீடுகளில் இது கைவேலையாகவே நடக்கலாம். வேலை குறைந்த மாதங்களில் இதனைச் சங்கத்தின் மூலம் எடுத்து விற்பதைப் பற்றி நிர்வாகக் குழுக்கள் ஆலோசிப்பது தகும் என்று நாம் கருதுகிறோம். மனைக்கட்டுக்கோர் கந்தல் விரிப்பு தேவைப்படும் காலம் வந்துவிட்டது. வெளியூர்ச் செயற்கை நூல் விரிப்பு அந்த இடத்தைப் பிடிப்பதற்கு முன் நாம் பிடிக்க வேண்டும்.

மாடித் தளம்

மாடியிலிருந்து வரும் ஓசை இருவகைப்படும். பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வருவன. அவற்றைத் தளத்தின் கனமே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கதவிடுக்கிலும் படிக்கட்டு வாயிலிலும்தான் அவை நுழைகின்றன. அடியோசையும் நாற்காலி இழுக்கும் ஓசையும் வேறு வகை. குதிகால் பட்ட இடத்தில் தளமே மத்தளத்தின் தோல்போல் அதிர்ந்து, கீழறையில் ஒலியாகிறது. தளத்தை இன்னும் கனமாக்குவதால் இது சிறிதே குறையும். பட்ட இடத்திலேயே அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற பொருள் ஒன்று வேண்டும். தடித்த விரிப்பு ஒன்றே இந்த அடியோசையை 20 டெசிபல் அளவுக்கும் அதற்கு மேலும் குறைக்க வல்லது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பதால் இது சாமானியமான லாபமன்று.

புதுச்சேரி நகரத்துப் பழைய வீடுகளின் மாடித் தளத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லம் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்திய தளம் அது. சுண்ணாம்பும் செங்கல்லும் கான்கிரீட்டைப்போல் அவ்வளவு கணீரென்று ஒலிப்பதில்லை. அத்தகைய தளம் உள்ள வீட்டை வாங்கியவர்கள் அதன்மேல் ஓடு பதிக்க விரும்பினால், முதலில் உத்திரங்களின் முனை சுவருக்குள் உளுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது உயிருக்கு நல்லது.

புதிதாக மாடி எழுப்புபவர்களுக்குப் பொறியாளர்கள் மிதவைத் தளம் என்று ஒன்றைக் கூறுவார்கள். கான்கிரீட்டுத் தளத்தின்மேல் அரை அங்குலம் நார்த் தகடோ தக்கைத் தகடோ விரித்து, பாலித்தீன் தாள் போட்டு, அதன்மேல் கம்பி வலையுடன் இரண்டு அங்குலம் கான்கிரீட்டு இட்டு ஓடு பதிப்பது. மேல் தளம் சுவரை எங்கும் தொடக்கூடாது. ஓரம் முழுவதும் நார்ப் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும். ஓரிடத்தில் சுவரைத் தொட்டுவிட்டால் ஓசை அவ்வழியே இறங்கிவிடும். முறை நல்ல முறையே. அதன் பாரத்தை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலக் கான்கிரீட்டு ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு அது 1,300 கிலோவுக்கு மேல் போகும். முன்னரே கட்டிய தளத்தின்மேல் இவ்வளவு பாரத்தை, கம்பியின் கணக்கும் அஸ்திவாரத்தின் கணக்கும் பார்க்காமல் ஏற்றுவது அபாயம். பழைய தளத்தின்மேலேயே புதிய ஓட்டை ஒட்டுவதிலும் இதே கேள்வி சிறிய அளவில் எழுகிறது. அதோடு தரை உயர்ந்து, கதவின் அடியை அறுக்கவும் வாசற்படி ஏற்றத்தாழ்வாகவும் நேர்கிறது. முதியவர் இடறி விழுவது பெரும்பாலும் அரை அங்குல வேற்றுமையில்தான்.

ஆகவே, கட்டி முடிந்த வீட்டிலிருப்பவர்கள் எளிய வழிகளையே முதலில் முயல வேண்டும். கட்டில், நாற்காலி, மேசைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறையிடலாம். பிள்ளைகள் ஓடும் நடையில் நார் விரிப்பும் மேல்விரிப்பும் போடலாம். தையல் இயந்திரத்தையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் ரப்பர்த் துண்டின்மேல் வைக்கலாம். படிக்கட்டு வாயிலுக்கு இடுக்கில்லாத கதவு போடலாம். கீழறையின் சுவரில் ஒரு பக்கம் கனத்த கைத்தறித் திரை தொங்கினால் அறையின் எதிரொலியும் அடங்கும். இத்தனைக்கும் ஆகும் செலவு மிதவைத் தளத்தின் செலவில் மிகச் சிறு பகுதியே.

விரிப்பினால் வரும் கெடுதலையும் மறைக்காமல் கூறுவோம். விரிப்பு வழுக்கினால் அது தரையைவிட அபாயகரமானது. ஓட்டின்மேல் இடும் விரிப்புக்கு அடியில் ரப்பர் வலை வேண்டும், ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும். தூசு தங்கும், ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் தடித்த விரிப்பைக் குறைத்து, அடிக்கடி துவைக்கக்கூடிய ஜமக்காளத்தை மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம். எல்லா விரிப்பையும் வாரம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெயிலில்லையென்றால் சுவரில் சாத்தி நிறுத்திக் காற்றாடவாவது விட வேண்டும். இந்த வேலை வழக்கமாக வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. சாணத் தரையை மெழுகும் வேலையிலிருந்து அவர்களை விடுவித்த பின் மற்றொரு வேலையை ஏற்றக்கூடாது. சுருட்டித் தூக்கும் காரியத்தை ஆண்கள் செய்யலாம்.

விரிப்பு வேண்டுவோர் அறையை அளந்து, தறிக்கு ஏற்ற அகலத்தைக் கருதி ஆர்டர் கொடுப்பது நன்று. அறை முழுவதையும் மூட வேண்டியதில்லை. படுக்குமிடம், அமருமிடம், நடக்கும் வழி ஆகிய மூன்றை அளந்தால் போதும். கதவு திறக்கும் வளைவை அளவில் கழித்துக்கொள்ள வேண்டும். அகலம் அதிகமானால் இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் இணைக்கலாம். துவைக்கவும் உலர்த்தவும் அதுவே இலகு. புரட்டாசிக்குள் அளவைக் கொடுத்தால், மழை தொடங்குமுன் நெய்து முடிக்கத் தறிகளுக்கு அவகாசம் இருக்கும்.